இரவுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலையா, பச்சைப்பயறா?

நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னால், மளிகைக் கடையில் பலர் தயங்கி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நார்ச்சத்து: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் உலர்ந்த முழுக் கடலையில் சுமார் 25 கிராம். முழுப் பயறில் சுமார் 17. தீட்டிய அரிசியில் 3கூட இல்லை. பயறு தோற்றாலும் மோசமில்லை.

ஊறல்: கடலைக்கு 8 மணி நேரம் வேண்டும். முந்தின இரவே நினைவு வேண்டும், எனக்கு அது வாரத்தில் பாதி நாள் இருப்பதில்லை. பயறு ஊறாமலே வேகும்.

வேகல்: கடலைக்கு 6, 7 விசில். விரலால் நசுக்கினால் மாவாக உடைய வேண்டும், இரண்டாகப் பிளந்தால் போதாது. வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். புளியும் மிளகும் சேர்த்தால் அருமையான ரசம். பயறுக்கு 3 விசில். சற்றுக் குழைந்துவிட்டால் சுண்டல் போச்சு. சின்ன வெங்காயம், சீரகம் தாளித்துக் கடைசலாக்கிச் சோற்றில் பிசைந்துகொள்ளலாம்.

வயிறு: கடலை வாயு பிடிக்கும். பெருங்காயம் போட்டாலும் ஓரளவுதான். பயறு சாது.

வேலை முடிந்து 8 மணிக்கு அடுப்படிக்குள் நுழைபவர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் பயறு. ஞாயிறன்று மொத்தமாக வேகவைத்து ஃப்ரீசரில் வைப்பவர்களுக்குக் கடலை. பழக்கமில்லாதவர்கள் எதுவானாலும் ஒரு கைப்பிடியில் தொடங்கி, தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.