ஆறு வருடம் பிகே-சிம்மோடு

ஆறு வருடமாக பிகே-சிம் என் கணினியில் திறந்தே கிடக்கிறது. விழுங்கிய மருந்து உடம்பில் எங்கே போகும், எவ்வளவு நேரம் தங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள். 2017 முதல் கட்டற்ற மென்பொருளாகவே கிடைப்பதால் உரிமக் காசுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

உள்ளே ஒரு முழு உடம்பே இருக்கிறது. கல்லீரல், கொழுப்பு, தசை என்று ஒவ்வொன்றுக்கும் கன அளவும் ரத்த ஓட்டமும் உண்டு. மருந்தின் குணங்களை மட்டும் நாம் கொடுக்க வேண்டும்: மூலக்கூறு எடை, கொழுப்பில் கரையும் தன்மை, ரத்தப் புரதத்தில் ஒட்டாமல் மிஞ்சும் பங்கு. சற்று நேரத்தில், ரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவதைக் காட்டும் அழகான வளைகோடு வந்துவிடும். முதல் வருடம் அந்த அழகில் மயங்கிக் கிடந்தேன்.

மயக்கம் தெளிந்தது ஒரு சோதனை மருந்தில். 98 சதவீதம் புரதத்தில் ஒட்டும் என்றது ஆய்வகத் தாள். கணித்த ரத்த அளவோ, மனிதர்களிடம் அளந்ததில் பாதிதான் வந்தது. மூன்று வாரம் கல்லீரல் நொதிகளை நோண்டினேன். மறுபடி அளந்து பார்த்தால் 99. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஒட்டாத பங்கு 2-லிருந்து 1 ஆகிவிட்டது! கல்லீரல் மெதுவாக வெளியேற்றும் மருந்து அது. ஒட்டாத பங்குதான் கல்லீரலுக்குச் சிக்கும் என்பதால், வெளியேறும் வேகமும் அப்படியே பாதியாகிவிடும்.

மருந்தோடு மருந்து மோதும் இடத்தில் இந்த முறையை நம்பலாம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், மருந்துகளைச் சிதைக்கும் சிப்-3ஏ4 (CYP3A4) நொதியைத் தூண்டிவிட, வாய்வழி கொடுக்கும் மயக்க மருந்தான மிடாசோலத்தின் ரத்த அளவு ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சரியும். நன்றாக அளக்கப்பட்ட ஜோடி என்பதால் கணினி மாதிரியும் அதைப் பிடித்துவிடுகிறது. பச்சிளம் குழந்தை என்றால் எனக்குத் தயக்கம்தான். பிறந்த புதிதில் அதே குடும்பத்து நொதியான 3ஏ7 ஓங்கி நிற்கும், 3ஏ4 பிறகுதான் தலைதூக்கும். எடையை மட்டும் குறைத்துப் போட்டால் ஆகாது.

இன்னொரு உறுத்தல். அளந்ததற்குப் பாதி முதல் இரண்டு மடங்கு வரை கணிப்பு விழுந்தால் ‘பாஸ்’ என்பது இந்தத் துறையின் பழக்கம். இதய மருந்தான டிகாக்சினில் இரண்டு மடங்கு என்றால் நஞ்சு.

இப்போது புதுக் கோப்பு திறந்தால், முதலில் ஒட்டாத பங்கைப் பாதியாக்கி ஒருமுறை, இரட்டிப்பாக்கி ஒருமுறை ஓட்டுகிறேன். கோடுகள் ரொம்பத் தள்ளிப் போனால், எப்படி அளந்தீர்கள் என்று ஆய்வகத்துக்கு ஒரு மின்னஞ்சல். பதில் வரும்வரை கோப்பு மூடியே இருக்கும்.