பாக்டீரியாவுக்குச் சோறு போடும் விதம்: பேட்சா, ஃபெட்-பேட்சா?

சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் தடுப்பூசி ஆலைக்கு ஷிஃப்டுக்குப் போகும் பேருந்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணே, ஃபெட்-பேட்ச்லதான் விளைச்சல் அதிகம்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் இன்னும் பேட்ச் ஓட்டுறாங்க?" நல்ல கேள்விதான். ஃபெர்மென்டர் என்கிற வளர்ப்புத் தொட்டிக்குள்ளே வளரும் பாக்டீரியா எதைத் தின்கிறது, தின்றதை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

பேட்ச் என்றால் சாப்பாடு முழுவதையும் முதலிலேயே கொட்டிவிடுவது. ஃபெட்-பேட்சில் கொஞ்சம் வைத்து ஆரம்பித்து, பிறகு சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக விடுவோம்.

குடல் பாக்டீரியாவான ஈ.கோலைக்கு ஃபெட்-பேட்ச்தான், சந்தேகமே வேண்டாம். மூளையுறை அழற்சியைத் தரும் மெனிஞ்சோகாக்கஸ் பி கிருமிக்கான தடுப்பூசி பெக்செரோவின் முக்கியப் புரதங்கள் ஈ.கோலையில்தான் தயாராகின்றன. சத்தான ஊடகத்தில், 37 டிகிரியில், 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். ஆனால் குளுக்கோஸை அள்ளிக் கொடுத்தால், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் முழுதாக எரிக்காமல் ஒரு பகுதியை அசிட்டேட்டாக (வினிகரில் இருக்கும் அமிலத்தின் வடிவம்) துப்பிவிடும், அது சேரச் சேர வளர்ச்சியும் மந்தமாகும், புரதமும் குறையும். எப்போது ஊட்ட ஆரம்பிப்பது? திரையில் டிஓ கோட்டை, அதாவது கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அளவைப் பாருங்கள். போட்ட சர்க்கரை தீர்ந்து, துப்பிய அசிட்டேட்டையும் தின்று முடித்ததும், அதுவரை கீழே கிடந்த கோடு செங்குத்தாக எகிறும். ஆக்சிஜன் இருக்கிறது, எரிக்கத்தான் ஒன்றுமில்லை. உடனே பம்பை ஓட விட வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் வேறு ரகம். சிங்கப்பூரில் 2009 முதல் நம் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி அட்டவணையில் இருக்கிறதே, அந்தத் தடுப்பூசிக்கு இதன் மேலுறைச் சர்க்கரைதான் வேண்டும். இது ஆக்சிஜனைக் கொண்டு மூச்சு விடுவதில்லை. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா மாதிரி, சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கியே பிழைக்கிறது. காற்றடித்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும், அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்சைம் அதனிடம் கிடையாது. காரம் விட்டு பிஎச்-ஐப் பிடித்து வைத்தாலும் வளர்ச்சியைத் தடுக்கும் லாக்டேட் சேர்ந்துகொண்டேதான் போகும், கூடுதலாக ஊட்டினால் அதுவும் கூடும். ஊட்டி விளைச்சலைக் கூட்டியவர்களும் உண்டு, ஆனால் நான் இங்கே பேட்ச் பக்கம்தான்.

டிப்தீரியாவிலோ சர்க்கரையைவிட இரும்புதான் முக்கியம், இரும்பு குறைந்தால்தான் தடுப்பூசிக்கு வேண்டிய நச்சு சுரக்கும். கக்குவான் கிருமி சர்க்கரையைத் தொடவே தொடாது, குளுட்டமேட்தான் அதற்குச் சோறு.

ஒரு பக்கம் ஊட்டிக்கொண்டே மறுபக்கம் எடுத்துக்கொண்டே இருக்கும் தொடர் வளர்ப்பு காகிதத்தில் அழகாக இருக்கும். நாள் போகப் போக, நாம் புகுத்திய மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டை உதறிய செல்கள் வேகமாக வளர்ந்து மற்றதை ஓரங்கட்டிவிடும். தடுப்பூசிக்கு எனக்கு வேண்டாம்.

தம்பிக்குக் கடைசியாகச் சொன்னது நியூமோகாக்கஸ் அறுவடை பற்றி. வளர்ச்சி நின்ற பிறகு அதன் சொந்த என்சைமே செல்சுவரை அரித்து உடைக்கும். டியாக்சிகோலேட் என்ற பித்த உப்பை ஊற்றி நாமே உடைப்பது வேறு, அது நம் நேரத்தில் நடக்கும். அதுவாகக் கரைய ஆரம்பித்தால் செல்சுவர்த் துண்டும் டிஎன்ஏவும் கலந்து, சுத்திகரிப்பில் இருப்பவர்கள்தான் திண்டாடுவார்கள். அதனால் செல்கள் பெருகுவதைக் காட்டும் ஒளியடர்த்தி ஏறுவது நிற்கப்போகிறது என்று தெரிந்தால் நான் ஃபெர்மென்டரை விட்டு நகர்வதில்லை, டீயெல்லாம் அறுவடைக்கு அப்புறம்தான்.