மும்பையில் ஒரு ஸ்கேன் டிஸ்க்குக்காக அலைந்தது

ஃபிளைட், இமிகிரேஷன் எல்லாம் ஒழுங்காக நடந்தன, அதை விடுங்கள். எழுத வேண்டியது செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரைப் பற்றி.

தம்பி மகனுக்கு ஒன்பது வயது. கழுத்தில் கட்டி, பயாப்ஸியில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் முடிச்சுகளில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அதற்கு முன்பே அந்தச் சென்டரில் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். படங்கள் பதிந்த டிஸ்க்கை வாங்காமல் ஃபிலிமை மட்டும் வாங்கி வந்திருந்தார்கள். சயான் வரை ஆட்டோ, அப்புறம் டாக்ஸி என்று வழக்கம்போல் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் இல்லையா? மறுபடி எடுத்துடுங்க" என்கிறார், ஏதோ ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வதுபோல.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் இருக்கும் மான்செஸ்டரில் படங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலேயே போய்விடும், ஒவ்வொரு ஸ்கேனும் ஏன் தேவை என்று யாராவது பொறுப்பேற்றாக வேண்டும், அது சட்டம். சிடி என்றால் உடம்பில் எக்ஸ்ரே கதிர் படும். குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிபவை, முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது, அதனால்தான் இத்தனை கவனம். 2023-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்பது நாடுகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்தது. இன்றைய கதிர் அளவில் 10,000 பிள்ளைகளுக்கு சிடி எடுத்தால், அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதனாலேயே ரத்தப் புற்றுநோய் வரலாம் என்பது அதன் கணக்கு. சின்ன எண்தான். ஆனால் ஒரு டிஸ்க் இல்லை என்பதற்காக அந்தச் சின்ன எண்ணைக்கூட ஏன் ஏற்க வேண்டும்?

ஸ்கேன் சென்டருக்கே திரும்பிப் போனோம். "பழசெல்லாம் சிஸ்டத்துல இருக்காது சார்" என்று முன்னால் இருந்தவர் முடித்துவிட்டார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டது காதில் விழுந்து உள்ளேயிருந்து டெக்னீஷியன் வந்தார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். "தேதி சொல்லுங்க அண்ணே" என்று தேடினார், இருந்தது! டிஸ்க்கில் ஏற்றும்போது கடைசியாக ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார், எவ்வளவு கதிர் போனது என்று காட்டும் டோஸ் பக்கமாம். அதில் வயிறு இரண்டு வரியில் இருந்தது. படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஏற்றாமல் ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மருந்து ஏற்றிய பின் எடுப்பது ஒன்றே போதும் என்று அவரே சொன்னார். அந்த இரண்டு வரிகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இதற்குள் தம்பி மனைவி பயந்துபோய், அடுத்துச் சொல்லியிருந்த பெட்-சிடியே (புற்றுநோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) வேண்டாம் என்று நின்றுவிட்டாள். அங்கேதான் குழந்தைகள் புற்றுநோய் டாக்டர் அருமையாகப் பேசினார், மான்செஸ்டரில்கூட இவ்வளவு நேரம் உட்கார்ந்து யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "இதை மட்டும் விட்டுடாதீங்கம்மா. ரெண்டு சுற்று கீமோவுக்கு அப்புறம் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் கதிர் சிகிச்சை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம். ஒப்பிட்டுப் பார்க்க இந்த முதல் படம் வேணும்" என்றார். கதிரை கிரே என்ற அலகில் அளக்கிறார்கள். ஸ்கேன் மில்லிகிரே கணக்கு, அதாவது கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கதிர் சிகிச்சை என்றால் கட்டி இருந்த இடத்துக்கு 20 கிரே அளவில் போகும், ஆயிரம் மடங்கு போல. இந்த ஸ்கேன் அதையே தவிர்க்க உதவலாம். டிஸ்க் வந்துவிட்டதால் பழைய சிடியை மறுபடி எடுக்க வேண்டாம், பெட்-சிடியோடு வரும் சிடியையும் குறைந்த டோஸில் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

ஊரில் யாருக்காவது ஸ்கேன் என்றால் ஃபிலிமோடு கிளம்பிவிடாதீர்கள். டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், டோஸ் பக்கமும் இருக்கிறதா என்று.