"நாங்களே கூப்பிடுகிறோம்" என்றார்கள். எட்டு மாதம் ஏமாந்தேன்

பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பெயரைப் பதிந்துகொண்டு, "தேதி வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்" என்றார்கள். நம்பினேன். நச்சரிக்கும் நோயாளி என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற கூச்சம் வேறு.

இடையில் மூன்று முறை நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது. மூன்று முறையும் அவசரப் பிரிவில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அறுவைப் பிரிவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். எட்டாம் மாதம் நேரில் போய்க் கேட்டபோதுதான் என் பெயருக்கு எதிரே இருந்ததைப் பார்த்தேன்: "தொந்தரவு இல்லை. அவசரமில்லை. இருமுறை அழைத்தும் பதில் இல்லை." என் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறாக எழுதப்பட்டிருந்தது!

சண்டை போட்டு வாங்கிய தேதியும் வீணாயிற்று. முந்தைய இரவு முதல் சொட்டுத் தண்ணீரும் கூடாது என்றவர்கள், மாலை நான்கு மணிக்கு "இன்று இல்லை" என்றார்கள். பெரும்பாலானவர்களுக்கு லேசான உணவுக்கு 6 மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி போதும் என்பதே மயக்கவியல் வழிகாட்டுதல். தெரிந்திருந்தால் காலையிலேயே மயக்க மருத்துவரைக் கேட்டிருப்பேன்.

அடுத்த வாரம் கண் மஞ்சளாயிற்று. கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்து, கணையமும் வீங்கிவிட்டது. எண்டோஸ்கோப்பி மூலம் கல்லை எடுத்த பிறகே பித்தப்பையை அகற்ற முடிந்தது.

காத்திருப்பவர்களே, எந்தத் தேதியில் பதிந்தார்கள், எந்த அவசர வகையில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் எண்ணை அவர்கள் வாயால் படிக்கச் சொல்லுங்கள். வலி வந்த நாளையும் நேரத்தையும் குறித்து, அவசரப் பிரிவுச் சீட்டின் நகலோடு அறுவைப் பிரிவில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வேறொருவர் தேதி ரத்தானால் உடனே வரத் தயார் என்பதையும் அதில் எழுதுங்கள். பித்தக்கல் உள்ளவர்களுக்கு வலியோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கருத்துப் போவது, மலம் வெளிறுவது இவற்றில் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்கவே கூடாது, அன்றே போங்கள்.

எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். மூன்று முறை வலியோடு வந்தவனுக்குத் "தொந்தரவு இல்லை" என்று எழுதியது யார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.