மைதானமா, பயிற்றுநரா?

தோட்டப் பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் காசு சேர்த்தால் முதலில் எழும் பேச்சு மைதானம்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சமநிலம் கிடைப்பதே அபூர்வம், மண்ணை வெட்டி, அணை கட்டி, வடிகால் போட்டுத்தான் மைதானம் எடுக்க வேண்டும், வடிகால் சரியில்லை என்றால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அவ்வளவும் சேறு. ஒழுங்காகச் செய்தால் பல வருடம் நிற்கும், சரி.

அந்தக் காசில் விளையாட்டுப் பயிற்றுநர் ஒருவரை வைத்தால், அவருக்கு மாதாமாதம் கொடுப்பனவு தேட வேண்டும், அது தலையிடிதான். இருந்தும் என் வாக்கு இதற்கே. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடும் நாலு கெட்டிக்காரர் மட்டுமல்ல, ஓரமாக நிற்கிற பிள்ளையும், பெரியபிள்ளையானதும் வலைப்பந்தை விட்டுவிடுகிற பிள்ளையும் விளையாட வேண்டும், அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்க ஒரு ஆள் வேண்டும். முற்றத்தில் ஸ்கிப்பிங் கயிறும் நாலு பந்தும் இருந்தால் தொடங்கலாம், மழை நாளில் மண்டபத்துக்குள். பெண் பயிற்றுநர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு வருடக் கொடுப்பனவை முதலிலேயே வங்கியில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.