241ஆ, 20,000ஆ? எந்தப் பேனாவுக்கு மவுசு நிற்கும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நண்பர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் புதுச்சேரி வருவார். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் ஒரு சுற்று. பழைய மைப்பேனா ஏதாவது சிக்குமா என்ற நப்பாசை. பெரும்பாலும் மூடி தொலைந்த ஹீரோ பேனாதான் சிக்கும். பிறகு என் வீட்டுத் திண்ணையில் காபியும் வாக்குவாதமும். சென்ற முறை எடுத்துக்கொண்ட வழக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்து விற்கும் ‘லிமிடெட் எடிஷன்’ பேனாக்கள். எதற்கு மவுசு நிற்கும், எது பெட்டிக்குள்ளேயே கிழடு தட்டும்?

எண்ணிக்கை குறையக் குறைய ஆசை கூடும் என்பது ஊரறிந்த கணக்கு. ஜெர்மனியின் மான்ட்பிளாங்க் நிறுவனம் செய்த இரண்டு பேனாக்களை அருகருகே வைத்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது.

ஒன்று, 2009இல் வந்த காந்தி பேனா. தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் வெள்ளைத் தங்கத்தில் 241 பேனாக்கள் மட்டும். உடலைச் சுற்றித் தங்க இழை, நூல் நூற்பதைக் குறிக்கிறதாம். நிப்பில் கைத்தடியோடு நடக்கும் காந்தி. விலை 11 லட்சம் ரூபாய்க்கு மேல். கதர் கட்டியவர் பெயரில் இப்படியா என்று எதிர்ப்புக் கிளம்பி, கேரளத்தில் வழக்காகி, 2010இல் இந்தியாவில் விற்பனை நின்றது. நாங்கள் பேனா தேடி அலையும் சந்தைச் சாலைக்கும் அவர் பெயர்தான். அங்கே பத்து ரூபாய்க்கும் பேனா கிடைக்கும்.

மற்றொன்று, அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பெயரில் 1992இல் வந்த பேனா. ஏறக்குறைய 20,000 பேனாக்கள். அதாவது காந்தி பேனா ஒன்றுக்கு ஹெமிங்வே எண்பதுக்கு மேல். ஆனாலும் நான் பழகிய சேகரிப்பாளர்களில் காந்தி பேனாவுக்கு ஏங்கியவர் ஒருவரும் இல்லை. ஹெமிங்வே என்றால் மட்டும் குரல் தாழ்ந்து, “நிப் மாற்றாததா?” என்று கேட்பார்கள்.

நண்பரிடம் ஒன்று இருக்கிறது. பவழ நிற உடலும் அடர்பழுப்பு முனைகளுமாகத் தடித்த பேனா. சட்டைப்பையில் செருகினால் சட்டை ஒருபக்கம் சாய்கிறது. 1930களில் அதே நிறுவனம் செய்த 139 என்ற பெரிய பேனாவின் உருவத்தை ஒட்டிச் செய்தது. பழம்பேனாப் பிரியர்களுக்கு அதுவே பாதி ஈர்ப்பு. மீதிப் பாதி, எழுத்தாளர்கள் பெயரில் நிறுவனம் விடும் வரிசையில் இது முதலாவது. 1993இல் கிளிப்பில் பாம்பு சுற்றிய அகதா கிறிஸ்டி, அதன் பின் ஆண்டுதோறும் ஒன்று என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. இடையில் எந்த ஆண்டில் சேர்ந்துகொண்டவரும் ஒருநாள் பின்னால் திரும்பி முதல் பேனாவைத் தேடியே ஆகவேண்டும். வெளிவந்தது இருபதாயிரம்தான்; தேடுகிறவர்களோ ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். கலைஞர்களை ஆதரித்த புரவலர்கள் பெயரிலான வரிசையை அதே 1992இல் தொடங்கிவைத்த ‘லொரென்சோ டி மெடிசி’ பேனாவுக்கும் இதே ராசி. எட்டுப் பட்டை உடலில் வெள்ளி வேலைப்பாடு. மான்ட்பிளாங்க் மலையின் உயரம் மீட்டரில் 4810 என்பதால் 4810 பேனாக்கள். மலையின் உயரம் அளக்கும்போதெல்லாம் கொஞ்சம் மாறுகிறது; பேனாக் கணக்கு மாறவில்லை.

“காந்தி பேனாவும் விற்பனை நின்றுபோனது தானே, நாளை அதற்கும் ஒரு காலம் வரும்” என்றார் நண்பர். வரலாம். ஆனால் அது பேனா வடிவத்தில் வந்த நகை என்பது என் எண்ணம். அதற்கு ஏங்குகிறவர்கள் நகைக்கடைப் பக்கம் இருப்பார்கள்.

எனக்கு இந்த இரண்டையும்விட ஆசை கிளப்புவது, 1965இல் பார்க்கர் வெளியிட்ட ‘ஸ்பானிஷ் ட்ரெஷர்’. 1715இல் புளோரிடா கரையோரம் புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து மீட்ட வெள்ளியைக் கொண்டு 4821 பேனாக்கள் செய்தார்கள். அச்சு பழையது, பார்க்கர் 75. அந்தப் பேனா சாதாரண வெள்ளியில் வந்தபோது 25 டாலர். கப்பல் வெள்ளியில் 75 டாலர். எழுதும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் அந்த வெள்ளியை மறுபடி வார்த்துப் புதிதாக ஒரு வரிசை விட எவராலும் இயலாது. தீர்ந்தது தீர்ந்ததுதான். பெட்டியும் சான்றிதழும் இல்லாமல் வந்தால் மட்டும் பாதி மதிப்பு கரைந்துவிடும்; எந்தக் கப்பலில் இருந்து வந்தது என்று வெள்ளி வாய் திறந்து சொல்லாது அல்லவா.

வெள்ளிப் பேனாவில் நான் சூடுபட்டிருக்கிறேன். என்னிடம் உள்ளது சாதாரண பார்க்கர் 75. கட்டம் கட்டமாகக் கோடு இழைத்த உடல். கோட்டுப் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றியிருப்பார்கள். கடற்காற்றில் முழுதும் மங்கிவிட்டதே என்று ஒரு வெள்ளிக்கிழமை, பூஜைச் சாமான் துலக்கும் அம்மாவின் வழக்கப்படி, விபூதி தொட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. பள்ளத்துக் கறுப்பும் சேர்ந்து போய்விட்டது. பார்த்த நண்பர் சற்று நேரம் பேசவே இல்லை. நல்ல வேளை, அது ட்ரெஷர் இல்லை.

ஜப்பானின் நமிகி பேனாக்களை இந்தப் போட்டியில் சேர்ப்பதே அநியாயம் என்று படுகிறது. உருஷி என்னும் மரப்பால் அரக்கை அடுக்கடுக்காகப் பூசி, ஈரம் காயுமுன் தங்கப் பொடி தூவி, மெருகேற்றி, மறுபடி பூசி என்று மாதக்கணக்கில் போகும் வேலை. கடைசியில் கலைஞர் தம் கையொப்பத்தை இடுவார். 1931இல் கொன்ரோகு மட்சுடா தொடங்கிய கொக்கோகாய் என்ற அரக்குக் கலைஞர் குழுவின் பெயரும் உடன் இருக்கும். மட்சுடா பின்னாளில் ஜப்பான் அரசு போற்றிய கைவினை மேதை. ஒரே வரிசையில் வந்த இரண்டு பேனாவை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் பொடி விழுந்த விதம் ஒன்றுபோல் இருக்காது. இங்கே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கலைஞரின் கண்ணும் ஆயுளும். ஒரு வேடிக்கை: உருஷி காய்வதற்கு வறண்ட காற்று உதவாது, ஈரம் நிறைந்த அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். வெள்ளியைக் கறுக்கவிடும் புதுச்சேரிக் காற்று அந்தப் பட்டறைக்குத் தோதாக இருந்திருக்கும். வெயிலில் வைத்தால் மட்டும் நிறம் போகும். விலை? கேட்கவே நாங்கள் துணியவில்லை.

லாமி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் சஃபாரி பேனாவை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். 2016இல் வந்த ‘டார்க் லைலாக்’ ஊதா நிறம். பிளாஸ்டிக் உடல், எஃகு நிப், மேலே எண் எதுவும் கிடையாது. அந்த ஆண்டோடு நின்றதும் விலை பல மடங்கானது. அதே பெயரில் வந்த மைக்கு அப்போது இன்னும் பெரிய தவிப்பு. நிறுவனம் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ஒரு நிறத்தைத் திரும்ப ஊற்றலாம் என்பதால் நான் அதிகம் போட்டு வாங்கமாட்டேன். எழுத வாங்கினால் குறையில்லை.

ஆகக் கையில் காசு இருந்தால் நமிகி, தேடப் பொறுமை இருந்தால் ட்ரெஷர், இரண்டும் அரைகுறையாக இருந்தால் ஹெமிங்வே என்று நான் முடித்தேன். நண்பர் ஒப்பவில்லை. ஆசிரமக் கைக்காகிதம் ஒன்றை எடுத்து, பிரில் நீல மை நிரப்பிய ஹெமிங்வேயால் என் பெயரை எழுதிக் காட்டினார். சொரசொரப்பான தாளில் மை ஓரங்களில் சற்றே கசிந்து பரவியது. “இதை ட்ரெஷர் எழுதுமா?” என்றார். எழுதும் என்றேன், கையில் இல்லாத பேனாவுக்காக. மூடியைத் திருகிக்கொண்டே கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.