ஒரு காய் அதிகம் கையில்: வெட்டிக் குறைப்பதா, விடாமல் தாக்குவதா?

செஸ் கிளப் ஆட்டங்களில் மோசமாக ஆடித் தோற்றால் அவ்வளவாக வலிக்காது. ஒரு முழுக் காய் (சிப்பாய் அல்ல, குதிரையோ பிஷப்போ போல ஒன்று) அதிகம் வைத்துக்கொண்டு, எதிராளி எப்போது தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுப்பார் என்று காத்திருந்த ஆட்டத்தைக் கோட்டை விடுவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த நிலையில் நமக்குக் கிடைக்கும் யோசனைகள் இரண்டு. காய்க்குக் காய் வெட்டிக் குறைத்து எண்ட்கேமுக்கு, அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்துக்குப் போ என்பார் ஒருவர். பிடி கிடைத்திருக்கிறது, தளர்த்தாமல் ராஜாவைத் தேடிப் போ என்பார் இன்னொருவர். இரண்டையும் சொல்பவர்கள் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்தான்.

என் ஓட்டு பெரும்பாலும் முதல் வழிக்கே. ஆனால் அதைச் சொல்பவர்கள் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வெட்டிக் குறைப்பதன் பலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தோற்றுக்கொண்டிருப்பவர் தப்பிக்க வேண்டுமென்றால் அவருக்கு ஏதாவது மிரட்டல் வேண்டும். மிரட்ட அவரிடம் காய்கள் இருக்க வேண்டும். 1892-இல் ஹவானாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 23-ஆவது ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் ஸ்டைனிட்ஸுக்கு எதிராகச் சிகோரின் ஒரு காய் அதிகம் வைத்திருந்தார். வெல்லும் நிலை. ஆனால் ஸ்டைனிட்ஸின் யானைகள் இரண்டும் சிகோரினின் இரண்டாம் வரிசைக்குள் புகுந்து நின்றன. சிகோரினின் ராஜாவை ஒட்டிய ஹெச்2 கட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது டி6-இல் இருந்த பிஷப். 32-ஆவது நகர்த்தலில் அந்த பிஷப்பைத் தூக்கி பி4-இல் வைத்தார் சிகோரின். ஒரு யானை ஹெச்2-வை வெட்டி செக். அடுத்த யானை ஜி2-வுக்கு வந்தால் மேட், ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை. சிகோரின் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார், பட்டம் ஸ்டைனிட்ஸிடமே இருந்தது. அந்த யானைகளில் ஒன்று முன்பே பலகையை விட்டுப் போயிருந்தால் இப்படி ஒரு மேட்டே கிடையாது. எத்தனை காய் அதிகம் என்று எண்ணுவதற்கு முன், எதிராளியிடம் கடிக்கக்கூடிய காய் எது மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்ட வேண்டியது அதைத்தான்.

இனி சொல்லாமல் விடப்படும் பாதி. காய்களை வெட்டலாம், சிப்பாய்களைக் கண்டபடி வெட்டக் கூடாது. யானை, குதிரை, நான்கு சிப்பாய்கள் உங்களிடம். யானையும் நான்கு சிப்பாய்களும் அவரிடம். யானைகளை மாற்றிக்கொண்டால் உங்கள் குதிரை சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கும், வேலை சுலபம். அதே நிலையில் யானைகளை வைத்துக்கொண்டு சிப்பாய்களை மட்டும் தீர்த்துவிட்டால் மிஞ்சுவது உங்கள் யானையும் குதிரையும், எதிரே அவருடைய யானை. அது பொதுவாக டிரா. ஒரு முழுக் குதிரை அதிகமிருந்தும் அரைப் புள்ளிதான்.

அடுத்தது, வெட்டினால் எந்த எண்ட்கேமில் போய் நிற்போம் என்பது. எல்லாம் போய் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால், ஒரு சிப்பாய் அதிகம் என்பது பெரும்பாலும் வெற்றி. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-வுக்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றினார், உடனே பிஷப்பையும் எதிரே நிறுத்தி மாற்றிக்கொண்டார். மூலையில் மாட்டியிருந்த டிங்கின் பிஷப்புக்கு விலக வழியில்லை. மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் அந்த ஒரே ஒரு சிப்பாய் உலகப் பட்டத்தையே தந்தது.

யானை எண்ட்கேம் அப்படியல்ல. உங்களிடம் யானையும் ஒரு சிப்பாயும், அவரிடம் யானை மட்டும் என்று வந்தால், ஃபிலிடார் நிலை என்ற தற்காப்பு தெரிந்த எதிராளி டிரா செய்துவிடுவார்: சிப்பாயின் வழியில் ராஜா, தன் மூன்றாம் வரிசையில் யானை, சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக், செக், செக். எதிரெதிர் நிறக் கட்ட பிஷப்புகள் இதைவிட மோசம், இரண்டு சிப்பாய் அதிகமிருந்தும் டிரா ஆவது சகஜம். ஓரச் சிப்பாயும் தவறான நிறத்து பிஷப்பும் (சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டத்தைத் தொட முடியாத பிஷப்) எல்லாவற்றையும்விடக் கொடுமை. வெள்ளைக்கு ஹெச் சிப்பாயும் வெள்ளைக் கட்ட பிஷப்பும். கறுப்பு ராஜா ஹெச்8 மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அவரை அங்கிருந்து கிளப்பவே முடியாது. இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் வெட்டத் தொடங்குபவர், கண்ணைக் கட்டிக்கொண்டு படியிறங்குகிறார்.

சரி, விடாமல் தாக்கும் வழி? எதிராளியின் ராஜா திறந்தவெளியில் நிற்கும்போது, உங்கள் ராஜா பத்திரமாக இருக்கும்போது, அதுவே சரி. அப்போது ராணிகளை மாற்றிக்கொள்வது அவருக்கு நாமே மூச்சு விட இடம் கொடுப்பதுதான். எதிரெதிர் நிற பிஷப்புகள் ராணிகளோடு இருந்தால், மேலே சொன்னதற்கு நேர்மாறாக, அது தாக்குபவருக்கே சாதகம். அவர் அடிக்கும் கட்டங்களை மற்ற பிஷப்பால் காக்க முடியாது.

இதன் விலை கணக்கீடு. ஒவ்வொரு நகர்த்தலிலும் சரியாகக் கணக்குப் போட வேண்டும், அதற்குக் கடிகாரத்தில் நேரம் வேண்டும். 2025 நார்வே செஸ் போட்டியில் குகேஷுக்கு எதிராக முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் நெடுநேரம் வெல்லும் நிலையில் இருந்தார். நேரம் குறையக் குறையச் சாதகம் கரைந்தது. 52-ஆவது நகர்த்தலில் குதிரையால் ஒரு செக் கொடுத்தார், அதோடு ஆட்டம் குகேஷ் பக்கம் சாய்ந்தது. கார்ல்சனுக்கே இப்படி என்றால், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து மூன்றாவது மணி நேரத்தில் களைத்துப்போய் ஆடும் கிளப் ஆட்டக்காரரிடம் பத்து நகர்த்தல் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பலர் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டையும் அல்ல. ஒரு காய் கிடைத்ததும் ஒதுங்கி நின்று, எதையும் இழக்காமல் இருந்தால் போதும் என்று ஆடுகிறார்கள். இதற்கு என்னிடம் ஆதரவே இல்லை. எதிராளிக்குத் தன் காய்களைச் சேர்க்க அவகாசம் கொடுப்பதைத் தவிர இதில் ஒன்றும் நடப்பதில்லை.

கடைசியில் தேர்வைத் தீர்மானிப்பது பல சமயம் கடிகாரம்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதலாகக் கிடைக்கும் ஆட்டம் என்றால், எளிய எண்ட்கேமை நிதானமாக முடிக்கலாம். அங்கே வெட்டுவதில் தயக்கமே வேண்டாம். கூடுதல் விநாடி இல்லாத ஆட்டத்தில் நாற்பது நகர்த்தல் பிடிக்கும் எண்ட்கேமுக்குள் இறங்கினால் வெல்லும் நிலையிலேயே நேரம் தீர்ந்துவிடும். நாலு நகர்த்தலில் முடியக்கூடிய தாக்குதல் கண்ணுக்குத் தெரிந்தால் அதையே எடுங்கள். தெரியவில்லையா, எதிராளியின் காய்களையும் சிப்பாய்களையும் ஒன்று விடாமல் தீர்த்துவிடுங்கள். அவரிடம் வெறும் ராஜா மட்டும் மிஞ்சினால், உங்கள் நேரம் தீர்ந்தாலும் விதிப்படி அது டிரா, தோல்வி இல்லை. அப்புறம் ராணியை வைத்து மேட்டுக்குப் போகும்போது ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: அவர் ராஜா ஏ8 மூலையில் தனியாக இருக்கையில் உங்கள் ராணி சி7-இலோ பி6-இலோ போய் நின்றால் அது ஸ்டேல்மேட்: செக் இல்லை, நகரவும் இடமில்லை, ஆட்டம் டிரா.